கன்னெடா ஊராருக்கு ஒரு நன்றி மடல்

கன்னெடா ஊர்ப் பெரியோருக்கும் உழவர்களுக்கும் வழிகாட்டிய அன்பர்களுக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில உள்நாட்டில், நமோய் ஆற்றங்கரையில் இருக்கும் உங்கள் ஊர் தன்னை உலகின் கோவாலா தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களில் பலர் ஒன்றைக்கூடக் காணாமல் திரும்புவது, கோவாலா இல்லாததால் அல்ல. தேடும் விதம் தெரியாததால். அதை அலுக்காமல் சொல்லிக்கொடுத்ததற்கே முதல் நன்றி.

"மரத்தை அப்புறம் பாருங்கள், முதலில் தரையைப் பாருங்கள்" என்றீர்கள். தைலமரத்தடியில் பேரீச்சங்கொட்டை அளவில், நீளவாக்கில் வரியோடிய புழுக்கை கிடந்தால் அங்கே நிற்கலாம். பச்சை கலந்த நிறமும், உடைத்தால் தைல வாசமும் இருந்தால் புதிது. காய்ந்து வெளுத்திருந்தால் அடுத்த மரம். பிறகு அடிமரத்தில் நகக்கீறல், அதற்கும் மேலே கிளை பிரியும் கவட்டை. பழைய கூடும் ஒட்டுண்ணிச் செடியும் கண்ணை ஏமாற்றும். ஆனால் அவற்றின் ஊடே வெளிச்சம் தெரியும், கோவாலாவின் ஊடே தெரியாது. குளிர்ந்த காலையில் அது பந்தாய்ச் சுருண்டிருக்கும். வெயில் ஏறினால் கைகால்களைத் தொங்கவிட்டு அடிமரத்தைக் கட்டிக்கொள்ளும், மரத்தின் குளுமைக்காக. கீழே நின்று கத்துவதும் தட்டுவதும் அதன் சக்தியை வீணடிக்கும். இலையில் சத்து குறைவு என்பதால்தான் அது நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கியே கழிக்கிறது.

உழவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். மண்ணில் உப்பு ஏறாதிருக்க 1990களில் உங்கள் நிலங்களில் நட்ட மரங்களுக்கே கோவாலாக்கள் பிற்பாடு குடிவந்தன. 2009இன் வறட்சியிலும் வெப்ப அலையிலும் இப்பகுதிக் கோவாலாக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மடிந்தது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இலை வறண்டுபோனால் அதிலுள்ள ஈரம் மட்டும் போதாது, கோவாலாவும் தண்ணீர் குடிக்கும். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரத்தில் தொட்டி வைத்துப் பார்க்க இடம் கொடுத்ததும் இவ்வூர்ப் பண்ணைதான். 2022 பிப்ரவரியில் இம்மாநிலக் கோவாலாக்கள் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்ட பிறகு, இந்த உதவியின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

இதோடு சேர்த்து நீங்கள் தந்த எச்சரிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும்: பாட்டிலைச் சாய்த்துக் கோவாலாவின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தலை பின்னால் சாய்ந்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றித் தரையில் வைத்துவிட்டு விலக வேண்டும். அடிபட்டுக் கிடந்தால் நாமே தூக்காமல் வயர்ஸ் போன்ற மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.

ரயில் பணியாளர்களுக்கும் நன்றி. சிட்னி சென்ட்ரலில் புறப்படும் ரயில் வெர்ரிஸ் கிரீக்கில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஆர்மிடேலுக்கு, மறு பாதி மோரிக்கு. கன்னெடா மோரிப் பாதையில் இருக்கிறது. பெட்டி மாறி உட்கார்ந்தால் வேறு ஊர். முன்பதிவும் கட்டாயம். காரில் வருவோர் அந்தி சாய்வதற்குள் வந்துவிடுவது நல்லது, கங்காருக்கள் சாலையைக் கடக்கும் நேரம் அதுதான்.

அன்சாக் பூங்காவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் கவிஞர் டொரோத்தியா மெக்கெல்லர் சிலையின் அருகே நின்று விளக்கியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! 1885இல் சிட்னியில் பிறந்தவர். அவர் குடும்பத்தின் குர்ரம்பீட் பண்ணை இவ்வூருக்கு அருகில். இங்கிலாந்தில் இருந்தபோது ஊர் நினைப்பில் எழுதத் தொடங்கிய கவிதை, 1908இல் லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் வேறு தலைப்பில் வெளிவந்து, பிறகு 'மை கண்ட்ரி' ஆனது. வறட்சியையும் வெள்ளத்தையும் ஒரே மூச்சில் நேசிக்கும் கவிதை அது. லிவர்பூல் சமவெளியின் கரிசல் மண்ணைப் பார்த்த பிறகு படித்தால்தான் அதன் முழு வீச்சும் தெரியும் என்பது எங்கள் எண்ணம். அவர் பெயரால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதைப் போட்டி நடத்திவரும் குழுவினருக்கும் எங்கள் வணக்கம்.

இந்நிலத்தின் மூத்தகுடியான கமிலராய் மக்களுக்கும் நன்றி. ஊரின் பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்தது.

கோவாலாக்களைப் பார்த்த இடம், நேரம், மர வகை ஆகியவற்றைக் குறித்து இம்மடலோடு அனுப்பியிருக்கிறோம். உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிட்னியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள்