பறித்த பந்துகளை எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சிறந்த தடுப்பாளர்கள் பட்டியல் ஸ்டீல், அதாவது எதிரணியிடமிருந்து பறித்த பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போட்டது போலிருக்கிறது. மூன்று புள்ளிக் கோட்டருகே மறித்து ஆடுபவர்களை எடைபோட இவ்வளவு ஏமாற்றுகிற எண் வேறில்லை. ஆலன் ஐவர்சன் 2001 முதல் 2003 வரை மூன்று பருவங்கள் தொடர்ந்து ஸ்டீலில் முதலிடம். ஆனால் பருவத்தின் சிறந்த தடுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-டிஃபென்சிவ் அணியில் ஒருமுறைகூட அவர் பெயர் வந்ததில்லை. புரூஸ் போவனின் சராசரியோ ஆட்டத்துக்கு 0.8 ஸ்டீல்தான், 2001 முதல் 2008 வரை எட்டு ஆண்டும் விடாமல் அந்த அணியில் இருந்தார். உங்கள் அளவுகோலில் முன்னவர் உச்சியில் இருப்பார், பின்னவர் கண்ணிலேயே படமாட்டார்.

எண்ண வேண்டியது பாய்ச்சலை. பந்தைத் தட்டப் பாய்ந்து தவறவிட்டவர் ஆட்டத்துக்கு வெளியே போகிறார். மிச்சம் நான்கு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். இன்றைய என்.பி.ஏ.வில் ஒரு தாக்குதலின் மதிப்பு சராசரியாக ஏறக்குறைய 1.1 புள்ளி. பந்தைப் பறித்தால் அவ்வளவும் மிச்சம். தவறிய பாய்ச்சல் ஒவ்வொன்றும் எதிரணிக்கு 0.3 புள்ளி கூடுதலாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்று பலித்தால் லாபம். ஐந்தில் ஒன்றுதான் பலிக்கிறதென்றால் மிச்சம் 1.1, தவறிய நான்கில் போனது 1.2. பறித்த பந்தோடு ஓடிப் போடும் எளிய கூடைகளைச் சேர்த்தால் கணக்கு சற்று நகரும், அவ்வளவுதான். 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 3 ஸ்டீல் எடுத்த டைசன் டேனியல்ஸ் நிஜமாகவே நல்ல தடுப்பாளர். ஆனால் அது அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தெரிகிற விஷயமல்ல.

'இவர் மறித்தபோது எதிரணியின் மூன்று புள்ளிச் சதவீதம் குறைந்தது' என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் ஆபத்து. 36 சதவீதம் போடுகிறவர்களை ஒருவர் 200 வீச்சுகளில் எதிர்கொண்டால், அதிர்ஷ்டம் ஒன்றே அந்த எண்ணை 33-க்கோ 39-க்கோ கொண்டுபோய்விடும். கையைவிட்டுப் பறந்த பந்து உள்ளே விழுமா என்பது தடுப்பாளர் கையில் பெரும்பாலும் இல்லை. அந்த வீச்சையே எடுக்கவிடாமல் செய்தாரா என்பதுதான் அவர் கையில் இருக்கிறது. எனவே பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, எத்தனை முறை வீசவிட்டார் என்பதை.

கண்ணால் பார்ப்பதென்றால் பந்தை மறந்துவிட்டுத் தடுப்பாளரின் இடுப்பையும் பாதங்களையும் பாருங்கள். பந்து வைத்திருப்பவர் முதல் இரண்டு டிரிபிளில் (பந்தைத் தரையில் தட்டுவதில்) அவர் தோளைத் தாண்டினாரா? தாண்டியதால் பின்னால் கூடையைக் காத்து நிற்கும் சென்டர் தன் ஆளை விட்டு ஓடிவர நேர்ந்ததா? ஸ்கிரீன் (தாக்கும் அணியின் இன்னொருவர் தடுப்பாளரின் வழியில் குறுக்கே நிற்பது) வந்ததும் முன்காலை மேலே நுழைத்து, தோளைச் சாய்த்து உடலைக் குறுக்கி, பந்துக்காரரின் இடுப்போடு ஒட்டிக்கொண்டே வெளியே வருகிறாரா, இல்லை இரண்டு எட்டு பின்தங்குகிறாரா? ஸ்கிரீனுக்குக் கீழே, அதாவது கூடைப் பக்கமாகச் சுற்றிப் போவதை உடனே குறையாகக் குறிக்க வேண்டாம். தூர வீச்சில் பேர்போன ஸ்டீபன் கரிக்கு எதிராக அப்படிப் போனால் மூன்று புள்ளியைத் தட்டில் வைத்துக் கொடுப்பது. வெளியிலிருந்து சரியாக வீசத் தெரியாதவருக்கு எதிராக அதுதான் புத்திசாலித்தனம். அணியின் திட்டமே பந்தைப் பக்கக்கோட்டுக்குத் தள்ளுவது என்றால், அந்தப் பக்கம் வழிவிட்டதை 'ஏமாந்தார்' என்று எழுதுவதும் பிழை. தூரத்திலிருந்து வீச்சாளரை நோக்கி ஓடி வரும்போது கடைசி மூன்று எட்டும் சிறிதாகி, ஒரு கை உயர வேண்டும். தாவிப் பறந்து வருபவரை ஒரு போலி வீச்சில் கடந்துவிடலாம்.

ஒரே காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது இன்னொரு வியாதி. 2016 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம்: தடுப்பாளர்கள் ஆள் மாற்றிக்கொள்ளும் ஸ்விட்சில், கூடையருகே ஆடும் பெரிய வீரரான கெவின் லவ், கரியிடம் மாட்டுகிறார். முன்னும் பின்னும் போக்குக் காட்டிய கரியை விடாமல் ஒட்டி நின்றார், வீச்சு தவறியது. பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டையில்) அதற்காக லவ் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூட விழவில்லை. அதற்காக லவ்வைச் சிறந்த வெளிவட்டத் தடுப்பாளர் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. குறைந்தது ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்கு முப்பது நாற்பது தாக்குதல் பார்க்காமல் எதுவும் பிடிபடாது. தொலைக்காட்சிக் கேமரா வேறு பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்தில்லாத பக்கம் வீச்சாளரைத் துரத்தித் திரிபவரின் உழைப்பில் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் சேருங்கள்: எதிரணியின் முதல் தாக்குதல்காரரைப் பெரும்பாலும் மறிப்பது இவரா, அல்லது பயிற்சியாளர் இவரை மூலையில் சும்மா நிற்பவரிடம் ஒளித்து வைக்கிறாரா? இவருக்குப் பின்னால் கூடைக்கு அடியில் நிற்பது யார்? கூடையைக் காப்பதில் பேர்போன ரூடி கோபேர் போன்ற ஒருவர் அங்கே இருந்தால் முன்னால் ஏமாந்தவரின் பிழையும் வெளியே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து வாசகர்