ரூகரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரோன் படங்களைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், 1860களின் அமெரிக்க ஊர் ஒன்றை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படத்தை வெளியிட்டிருந்தீர்கள். கீழே 'பழைய ஓவியம்' என்று மட்டும் இருந்தது. படத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் ஏ. ரூகர் என்ற பெயர் இருக்கிறது.

ஆல்பர்ட் ரூகர் பிரஷ்யாவில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறி முதலில் கொத்தனார் வேலை பார்த்தார். உள்நாட்டுப் போரின்போது ஒஹாயோ படையில் இருந்தபடியே ராணுவ முகாம்களை வரைந்தார். போர் முடிந்து 1866இல் மிச்சிகன் ஊர்களை வரையத் தொடங்கியவர், அப்புறம் பல மாநிலங்களுக்கும் போனார்.

பலூனில் ஏறிப் பார்த்து வரைந்த படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. ரூகர் போன்ற ஓவியர்கள் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஊரின் தெருக்களைச் சாய்வாகக் கட்டம் போட்டு, அதன்மேல் வீடுகளை ஒவ்வொன்றாக வரைவார்கள். சுவர் எழுப்பிய கைக்குக் கூரைச் சரிவும் ஜன்னல் வரிசையும் பிடிபட்டதில் எனக்கு வியப்பில்லை.

அதன் பிறகுதான் கல். படத்தை லித்தோ முறையில் (கல் அச்சில்) அச்சிட, அதை வழவழப்பான கல்லில் ஏற்ற வேண்டும். என் அப்பா சிவகாசியில் லித்தோ கல்லில் தீப்பெட்டி லேபிள் வரைந்தவர். கல்லில் எல்லாம் இடவலம் மாறி வர வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்த இடம் அச்சு மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளும். விரல் பட்டால்கூடக் கறை விழும். லேபிளில் நாலு எழுத்துக்கே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒரு முழு ஊரையே கல்லில் ஏற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். ரூகரின் படங்கள் பல சிகாகோ அச்சகங்களில் அச்சாயின. அங்கே கல்லோடு போராடியவர்களில் பலருடைய பெயர் படத்தில்கூட இல்லை.

இந்தப் படங்கள் ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சந்தா வாங்கி விற்கப்பட்டவை என்பதும் உண்மை. அதனால் ஊரைக் கொஞ்சம் செழிப்பாகவே காட்டுவார்கள். எல்லா ஆலைப் புகைபோக்கியிலும் புகை வரும். ஆனாலும் எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் நின்றது என்று தேடுகிறவர்கள் இன்றும் இவற்றைத்தான் புரட்டுகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ரூகரின் காட்சிகள் ஏராளமாக இருக்கின்றன.

புகைப்படக்காரர் பெயரைத் தவறாமல் போடுகிறீர்கள். இத்தகைய படங்களுக்கும் வரைந்தவர், ஆண்டு, அச்சகம் மூன்றையும் போடுங்கள். ஒரு வரி இடம்தான் ஆகும்.

ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
சிவகாசி