ஷாக்கைத் திருகியது நான்தான்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "மதுரையிலிருந்து வந்ததும் என் கார் வேறு மாதிரி ஓடுகிறது, யாராவது தொட்டார்களா அப்பா?" என்றாய். நான் பேச்சை மாற்றி உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். நாலு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொட்டது நான்தான், தாயி. எதிர்சேவை பார்க்க நடந்த அலுப்பில் நீ தூங்கிவிட்ட இரவு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் நாலின் இறுக்கக் குமிழையும் திருகினேன்.

பட்டறையில் இருந்த காலம் முழுவதும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். ஓட்டுகிறவருக்குச் சொல்லாமல் அவர் வண்டியில் எதையும் மாற்றக் கூடாது. அதை உன் விஷயத்தில் மீறியதற்கு மன்னித்துவிடு. பழைய அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். குமிழ் ஒரு படி திரும்பினால் ஒரு கிளிக், எண் கூடக்கூட ஷாக் தளர்வு. முழுவதும் இறுக்கிய நிலையிலிருந்து பின்னோக்கி எண்ணினால், முன் இடது 4 கிளிக், முன் வலது 7, பின்னால் இரண்டும் 5. நான் வைத்தது முன்னால் இரண்டும் 14, பின்னால் இரண்டும் 12. உயரத்தைத் தொடவில்லை. உயரத்தை மாற்றினால் வீல் அலைன்மென்டும் மாறிவிடும், நீ மறுநாள் நெடுந்தூரம் போக வேண்டியவள்.

இடதுக்கும் வலதுக்கும் மூன்று கிளிக் வித்தியாசம் இருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். அது பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

ஏன் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக அம்மாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து அழைத்து வந்தாய். வந்து இறங்கியவள், தண்ணீர்கூடக் கேட்காமல் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பிள்ளை ஆசையாகச் செய்த வண்டி, ஏதும் சொல்லாதீர்கள்" என்று என்னிடம் சொன்னாள். உன்னிடம் அவள் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 முறை வரை வரும் நடுக்கம்தான் மிகவும் ஆகாதது. ஷாக்கை அளவுக்கு மீறி இறுக்கினால், ஸ்பிரிங் விழுங்கியிருக்க வேண்டிய அந்தச் சின்ன நடுக்கங்களெல்லாம் நேராக இருக்கைக்கு வந்துவிடும். நீ ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாய், அடுத்த பள்ளம் உன் கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவளுக்கு அது இல்லை.

ஆனால் அம்மாவின் இடுப்பு மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. "கெட்டியாக இருந்தால்தான் பிடிப்பு" என்று நீ சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை.

1986 ஆம் ஆண்டு. ஒரு லாரிக்காரர் அதிக பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் இரண்டிரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடச் சொன்னார். போட்டேன். பாரத்தோடு போகும்போது நன்றாகத்தான் போயிற்று. தேனியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது நானும் அதில் இருந்தேன். ஆண்டிப்பட்டி கணவாய் இறக்கத்தில் லேசான தூறல், சாலை அரித்துப் போயிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தபோது பின் சக்கரங்கள் தரையில் இல்லை. குதித்துக்கொண்டிருந்தன. காற்றில் இருக்கும் சக்கரம் எதைப் பிடிக்கும்? வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஒரு புளிய மரத்தில் சாய்ந்து நின்றது. கிளீனர் பையனுக்குக் கை முறிந்தது. பதினாறு வயது அவனுக்கு. அந்தப் பட்டைகளை ஏற்றிய கை என்னுடையது.

சக்கரம் தரையை விடாமல் இருப்பதுதான் பிடிப்பு, கயல். ஸ்பிரிங்கும் ஷாக்கும் அதற்காகத்தான். உங்கள் கோயம்புத்தூர்ப் பந்தயத் தடம் கரி ஸ்பீட்வேயில் தரை வழவழப்பு. அங்கே கெட்டியான வண்டி வேகமாகத்தான் போகும், நான் மறுக்கவில்லை. நம் சாலையில் அதே வண்டி, உனக்கு "சாலை தெரிகிறது" என்ற உணர்வைக் கொடுத்துக்கொண்டே தரையைத் தவறவிட்டுக்கொண்டிருக்கும்.

உன் ஸ்பிரிங்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போலோ, உன்னையும் சேர்த்து ஏறக்குறைய 1,170 கிலோ. அதில் அறுபது சதவீதம் முன்னால் என்று வைத்தால் ஒரு முன் சக்கரத்துக்கு 350 கிலோ. சக்கரம், பிரேக் ஆகியவற்றின் எடையைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 315 கிலோ. நீ போட்டிருப்பது மில்லிமீட்டருக்கு 6 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ பாரம் வேண்டும். இந்தக் கணக்கில் முன்பக்கம் நொடிக்கு 2.2 முறை ஆடும். சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை, சாலையில் ஓடும் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரை. உன்னுடையது பந்தய வண்டிக்குப் போய்விட்டது. 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 1.8 வரும். வளைவில் சாய்வும் அளவோடுதான் இருக்கும், அம்மாவும் வருவாள். ஷாக்கைத் தளர்த்தியது தற்காலிக வைத்தியம்தான். கெட்டியான ஸ்பிரிங்கை ஷாக் குமிழைத் திருகி மென்மையாக்க முடியாது. இன்னும் தளர்த்தியிருந்தால் வண்டி பந்துபோல எகிறத் தொடங்கியிருக்கும். அதனால்தான் 14இல் நிறுத்தினேன்.

இன்னொரு விஷயம். போன தீபாவளிக்கு வந்தபோது, வண்டி கெட்டியாகட்டும் என்று முன் ஸ்பிரிங்கின் வளையத்தை 20 மில்லிமீட்டர் கூடுதலாக இறுக்கியதாகச் சொன்னாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அப்படி இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகாது. 6 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 6 கிலோதான். மாறுவது வேறு. 315 கிலோவைத் தாங்க அது 52 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். நீ முன்கூட்டியே 20 அமுக்கிவிட்டதால், வண்டி நிற்கும்போது மீதி 32தான் அமுங்கும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கவும் அந்த 32 மில்லிமீட்டர்தான் உண்டு. அதற்கு மேல் ஆழமான குழியில் அது தொங்கும். ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு "டக்" என்று தட்டும் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும்.

இப்படி முன்கூட்டியே அமுக்கி வைப்பதைத்தான் ப்ரீலோட் என்கிறோம். அதுவே கூடாது என்று சொல்லவில்லை. ஷாக்கின் மொத்த ஓட்டத்தை, அதாவது அது நீண்டு சுருங்கும் தூரத்தை, மேலுக்கும் கீழுக்கும் பங்கு பிரிக்கத்தான் அது. உன் முன் ஷாக்கின் ஓட்டம் 120 மில்லிமீட்டர். நம் சாலைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கையாவது சக்கரம் கீழிறங்க வை. 4 கிலோ ஸ்பிரிங் 79 மில்லிமீட்டர் அமுங்கும். ப்ரீலோடே இல்லாமல் போட்டால் 79 கீழே போய், மேலே 41தான் மிஞ்சும். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷாக் முழுதும் அமுங்கி முட்டு ரப்பரில் இடிக்கும். 35 இறுக்கினால் கீழே 44, மேலே 76. அந்தப் பங்கு சரி. ஸ்பிரிங் வாங்கும்போது, 35உம் 120உம் சேர்த்து 155 மில்லிமீட்டர் அமுங்கியும் சுருளோடு சுருள் முட்டாத நீளமாகப் பார்த்து வாங்கு. கடைக்காரரிடம் விறைப்பை மட்டும் சொல்லிவிட்டு வராதே.

உயரத்தை இனி ஷாக்கின் அடிப் பிராக்கெட்டில் மாற்று, ஸ்பிரிங் வளையத்தில் மாற்றாதே. 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொல்வேன். அழகுக்குக் குறைவு என்பாய். ஆனால் இப்போது சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் உன் லோயர் ஆர்ம்கள் வெளிப்பக்கம் மேல்நோக்கி நிற்கின்றன. இந்த வகை முன் சஸ்பென்ஷனில் அவ்வளவு தாழ்த்தினால், வண்டியின் பார மையம் இறங்குவதைவிட அது சாய்ந்து திரும்பும் மையம் அதிகமாக இறங்கிவிடும். தாழ்த்திய பிறகு சாய்வு கூடியது எப்படி என்று நீ வியந்தாயே, காரணம் அதுதான். அதைச் சரிக்கட்டத்தான் நீ ஷாக்கை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறாய்.

அளக்கும் முறையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். சமதளத்தில் நிறுத்து. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைக் கதவோரத் தாளில் உள்ளபடி வை. ஓட்டுநர் இருக்கையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு ஏற்று, நீ ஏறக்குறைய அவ்வளவுதான். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்காதே. டயர்கள் தரையில் பிடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கியே வைத்திருக்கும். முன்னும் பின்னும் சில அடி உருட்டிவிட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அள. திருகும் முன் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய், மணல் ஏறிய மரையைத் திருகினால் அரைத்துவிடும்.

உயரம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்றரை டிகிரிக்குள் போதும். உன் முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்தேன். தாழ்த்திய பிறகு நீ டோவைப் பார்க்கவில்லை என்று அது சொல்கிறது.

அதற்கப்புறம் கிளிக். உன் குமிழ் பெரும்பாலும் ரீபவுண்டைத்தான், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் விரியும் வேகத்தைத்தான் அடக்குகிறது. இதற்கு நத்தம் சாலை மேம்பாலத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 2023 ஏப்ரலில் திறந்தார்களே, சொக்கிகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர், அதே பாலம். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒரே சீராக 60இல் போ. பாலத்தின் இணைப்புகள் ஒரே தாளத்தில் வரும். ஒவ்வொரு இணைப்பைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறி, அடங்க வேண்டும். இரண்டாம் முறையும் ஆடினால் ஷாக் தளர்வு, இரண்டு கிளிக் இறுக்கு. ஆட்டமே இல்லாமல், இணைப்புக்கு இணைப்பு வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டே போவதுபோல் இருந்தால் ஷாக் இறுக்கம் அதிகம். அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த அடி விழுகிறது. நாலைந்து அடியில் வண்டி ரப்பரில் உட்கார்ந்துவிடும். உன் பழைய அளவில் நான் பார்த்தது அதைத்தான்.

பின்பக்கத்தையும் மறக்காதே. உன் வண்டியில் பின்னால் சுருள் தனி, ஷாக் தனி. முன் சக்கரம் மேட்டில் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஆடினால், அது எட்டிப் பிடித்து இரண்டும் ஒன்றாக அடங்கும், வண்டி தலையாட்டாது. 1930களில் காடிலாக் நிறுவனத்தில் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் இதைச் சோதித்துக் காட்டினார். முன்னால் 4 கிலோ போட்ட பிறகு பின் ஸ்பிரிங்கையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும், அதை நாம் சேர்ந்து செய்வோம்.

மேம்பாலம் முடிந்ததும் நத்தம் போய், திண்டுக்கல் சாலையில் திரும்பி, சிறுமலை ஏறு. பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். வேகம் வேண்டாம், குரங்குகள் சாலையில் உட்கார்ந்திருக்கும். வளைவின் நடுவில் உடைந்த தார் வரும் இடங்களில் முன்பக்கம் வெளியே நழுவுகிறதா என்று மட்டும் பார். திரும்பும்போது வாடிப்பட்டி வழியாக நாலுவழிச் சாலை. கடைசியில் நம் தெரு. சாலை அமைப்பு விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். நம் தெருவில் இருப்பது யாரோ இரவோடு இரவாகக் கொட்டிய சிமென்ட் கட்டை. அதற்கும் வண்டி ஈடுகொடுக்க வேண்டும். கிளம்பும் முன் ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டிவிடு. வந்து பார்த்தால் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று தெரியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுது, போனில் வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த மாற்றங்களை எழுத்தில் தெரிவித்தாயா என்பதையும் பார்.

ஆடி மாதம் வரும்போது ஸ்பிரிங்கை வாங்கிக்கொண்டு வா. கழற்றும் கருவி சண்முகம் அண்ணன் பட்டறையில் இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன். சிறுமலைக்கு நானும் வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள், ஆனால் முன் இருக்கையில்தான் உட்காருவாளாம்.

அந்த மூன்று கிளிக். முன் வலது ஷாக்கின் குமிழில் மூன்று இடங்களில் கிளிக் சத்தமும் வருவதில்லை, விரலுக்கும் தட்டுப்படுவதில்லை. உள்ளே தூசி ஏறியிருக்கிறது. நீ சத்தத்தை எண்ணி 4 வைத்திருக்கிறாய், உண்மையில் அது 7. சத்தத்தை நம்பாதே. குமிழில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அது எவ்வளவு சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்து எண்ணு. முழுதும் இறுகிய இடத்தில் பலம் கொடுக்காதே, உள்ளே இருக்கும் ஊசி மிக மெல்லியது.

அன்புடன்,
அப்பா