பின் ஆக்சிலைக் கொஞ்சம் லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க சார்

கார் கம்பெனியோட வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம் சார். என் வண்டி பின்பக்கத்துல வர்ற டொக் டொக் சத்தத்தைப் பத்துன புகார் நம்பர் உங்ககிட்ட இருக்கு, ஒண்ணு இல்ல அஞ்சு இருக்கு, அதனால கதையை முதல்லேர்ந்து சொல்லப்போறதில்ல. அஞ்சாவது புகாரை போன வாரம் "தீர்க்கப்பட்டது"ன்னு முடிச்சு எனக்கு எஸ்எம்எஸ் அனுப்புனீங்க பாருங்க, அந்த நேரம் என் வண்டி வாடிப்பட்டி பக்கம் ஒரு ரோட்டோர ஒர்க்‌ஷாப்ல பின் சக்கரம் கழட்டி ஜாக்கில நின்னுட்டிருந்துச்சு. அதான் இந்த மடல்.

அந்த மெக்கானிக் தம்பி செல்போன் டார்ச் அடிச்சு, ஒரு கம்பியை உள்ள விட்டு ஆக்சிலை லேசா நெம்பிக் காட்டுனாப்ல. ஆக்சிலைப் பாடியோட சேர்த்துப் பிடிக்கற புஷ் ரப்பர் கிழிஞ்சு வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. இடது டயர் வெளியிலேர்ந்து பார்த்தா புதுசு மாதிரி, உள்பக்கம் கை வெச்சா கம்பி குத்துது. ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிஞ்சு அது மேல மண்ணு படிஞ்சு காஞ்சே போயிருக்கு. "இது நேத்து முந்தாநேத்து வந்தது இல்லண்ணே"ன்னாப்ல.

எனக்கும் தெரியும் தம்பின்னேன். 23,000 கிலோமீட்டர்லயே பின்னாடி டொக் டொக்னு சத்தம் வருதுன்னு உங்க சர்வீஸ் சென்டர்ல சொன்னேன். ஜாப் கார்டுல என்ன எழுதுனாங்க தெரியுமா, "ரோடு டெஸ்ட் செய்யப்பட்டது, குறை இல்லை, வாடிக்கையாளர் திருப்தி". இப்ப 41,300 ஓடிருக்கு, வாரண்டி 40,000 வரைக்கும்தானாம். அந்த 1,300 கிலோமீட்டருக்குத்தான் காத்துட்டிருந்தீங்களான்னு கேட்கத் தோணுது, கேட்கல.

இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட், அதான் சக்கரம் நேரா நிக்குதான்னு பார்த்துச் சரி பண்றது, பண்ணிட்டோம் சார்னு காசு வாங்குனாங்க. இந்த மாடல்ல பின்னாடி இருக்கறது ட்விஸ்ட் பீம். ரெண்டு பக்கச் சக்கரத்தையும் குறுக்கால ஒரே இரும்பு பீம் பிடிச்சிருக்கு, அது முன்பக்கம் ரெண்டு ரப்பர் புஷ்ல பாடியோட சேர்ந்திருக்கு. முன் சக்கரத்துக்கு, ஸ்டீயரிங்கோட சேர்க்கற டை ராடுங்கற கம்பியைத் திருகற மாதிரி இதுல திருகறதுக்கு ஒண்ணுமே கிடையாது. புஷ் போச்சுன்னா புஷ்ஷை மாத்தணும், பீம் வளைஞ்சா பீமை மாத்தணும். அப்ப மூணு தடவை பின்னாடி எதைத் திருகி அலைன்மென்ட் பண்ணீங்க? பிரிண்ட் அவுட்ல பின் சக்கரத்து கட்டம் மூணு தடவையும் சிவப்பாத்தான், அதாவது சரியில்லன்னுதான், இருந்துச்சு, அதை மடிச்சு உள்ள வெச்சுத்தான் பில்லோட குடுத்தாங்க.

எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. திண்டுக்கல்லேர்ந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா போகணும், காலை நீட்டி வைக்கணும்ங்கறதால பின் சீட்ல குறுக்கா உட்கார வெச்சுத்தான் கூட்டிட்டுப் போறேன். ஊரைத் தாண்டறதுக்குள்ள வர்ற ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். வண்டி கிட்ட போறதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் முட்டிக்கு அடியில குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கறாங்க, டொக்குன்னு ஒரு அடி, அப்புறம்தான் கையை எடுக்கறாங்க. ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. போன வாரம் கொடை ரோடு டோல் தாண்டி எண்பதுல போறப்ப வண்டி பின்பக்கம் தானா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு, ஓரங்கட்டி நிறுத்துனேன். அப்பதான் சொன்னாங்க, "அடுத்த தடவை பஸ்லயே போயிரலாம்டா, அது தேவலாம்."

என் வண்டி மட்டும்னா விதின்னு விட்டுருவேன். இதே மாடல், இதே 2022 வண்டி, தேனியில டாக்சி ஓட்டறவர் ஒருத்தர், வத்தலக்குண்டுல ஒரு வாத்தியார், ரெண்டு பேருக்கும் இதே சத்தம், இதே உள்பக்கத் தேய்மானம். அவங்களுக்கும் "ரோடு சரியில்ல சார்"ங்கறதுதான் பதில். ரோடு சரியில்லதான், ரோட்டு வரி கட்டறோம், டோல் கட்டறோம், அப்பவும் சரியில்லதான், ஆனா அந்த ரோட்டுல ஓட்டத்தானே சார் வண்டியை வித்தீங்க? டெலிவரி அன்னைக்கு கேக் வெட்டி மாலை போட்டு போட்டோ எடுத்தீங்களே, அந்த ஷோரூமுக்குள்ளயேவா ஓட்ட முடியும்? சர்வீஸ் முடிஞ்சதும் ஒரு பொண்ணு போன் பண்ணி "10க்கு 10 குடுங்க சார், இல்லன்னா எங்களுக்குப் பிரச்சனை"ங்குது. பாவம்னு குடுத்துட்டேன். அந்தப் பத்தைத்தான் திருப்தின்னு எழுதிக்கிட்டீங்க போல.

சரி, கோபத்துல எங்கேயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

2013 செப்டம்பர்ல ஃபோர்டு கம்பெனி ஃபிகோ, கிளாசிக் வண்டிங்க 1,66,021-ஐ சரி பண்ணித் தர்றதுக்காகத் திரும்பக் கூப்பிட்டது, அதான் ரீகால், ஞாபகம் இருக்கும். பவர் ஸ்டீயரிங் ஹோஸ் (ஆயில் போற குழாய்) ஒண்ணு, இன்னொண்ணு இதே பின்பக்க ட்விஸ்ட் பீம். 2021-ல அவங்க இங்க கார் தயாரிக்கறதையே நிறுத்தறோம்னு அறிவிச்சது வேற விஷயம், ஆனா அன்னைக்குக் கூப்பிட்டாங்களா இல்லையா? இப்ப மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவே இருக்கு, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு அரசாங்கத்தோட 'வாகன்' இணையதளத்துல புகார் குடுக்கலாம், போதுமான புகார் சேர்ந்தா அரசாங்கமே ரீகால் பண்ணச் சொல்லலாம். அதுவரைக்கும் போக வேண்டாமேன்னுதான் உங்களுக்கு எழுதறேன்.

கேட்கறது ஒண்ணே ஒண்ணு. 2022-ல வித்த இந்த மாடல் வண்டிகளை இலவசமா லிஃப்ட்ல ஏத்தி, பீம், புஷ், ஷாக் மூணையும் பார்த்து, பார்த்ததை எழுத்துல குடுங்க. போயிருந்தா வாரண்டி முடிஞ்சுதுன்னு சொல்லாம மாத்திக் குடுங்க. திரும்பவும் சொல்றேன், எழுத்துல குடுங்க, போன்ல வேண்டாம்.

வண்டி இன்னும் வாடிப்பட்டியிலதான் நிக்குது, கழட்டுன எதையும் மாட்ட வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். உங்க இன்ஜினியர் ஒருத்தரை தயவுசெஞ்சு அனுப்பி வைங்க. வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்கு அம்மாவுக்கு செக்கப், பஸ்ல கூட்டிட்டுப் போறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லேர்ந்து ஒரு கார் ஓனர்