லாரி ஹோம்ஸுக்கு உரிய இடம்

வெலிங்டன், நீலகிரி.

அன்புள்ள கதிரவனுக்கு,

உன் பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக நீ தொகுத்த குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன்கள் பட்டியலைப் படித்தேன். முதல் பத்துப் பெயர்களில் லாரி ஹோம்ஸ் இல்லை. வயதான முகமது அலியை அடித்தவர், இளம் மைக் டைசனிடம் விழுந்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டாய். இங்கே ராணுவ மையத்தில் வீரர்களுக்குப் பயிற்சியளித்த காலமெல்லாம், இடக்கை ஜாப், அதாவது நேராக நீட்டி விடும் விரைவுக் குத்து, எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் சொன்ன பெயர் அவருடையதுதான். ஆகவே இதை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

75 சண்டைகளில் 69 வெற்றி, அவற்றுள் 44 நாக்அவுட், 6 தோல்வி. அந்த ஆறும் எப்போது வந்தன என்று பார். 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் முதல்முறை தோற்கும் வரை அவர் 48 சண்டைகளில் தோல்வியே காணாதவர். ஒருமுறையும் தோற்காமல் ஓய்வுபெற்ற பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிகளைத் தொட இன்னும் ஒன்றுதான் மீதம். ஆறு தோல்விகளும் 35 வயதுக்குப் பிறகு வந்தவை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு 38 வயதில் டைசனிடம் நான்காவது சுற்றில் வீழ்ந்ததைத் தவிர, வேறு எவரும் அவரை நாக்அவுட் செய்ததில்லை.

1978 ஜூன் 9 அன்று கென் நார்ட்டனிடமிருந்து அவர் பட்டம் வென்ற சண்டையைப் பிள்ளைகளுக்கு முழுமையாகப் போட்டுக் காட்டு. ஆறாயிரம் அடி உயரத்தில் சிம்ஸ் பூங்கா மேட்டில் தினமும் ஓடிப் பழகிய நம் பையன்களுக்கே மூன்று சுற்று முடிவதற்குள் கை தாழ்ந்துவிடும். சில நாள்களுக்கு முன் காயம்பட்ட இடக்கையோடு ரிங்கில் ஏறிய ஹோம்ஸ், 14 சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் நார்ட்டனோடு சமமாக நின்றார்; பதினைந்தாவது சுற்றை அவர் ஆடி எடுத்ததால்தான் இரு நடுவர்களிடம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு எர்னி ஷேவர்ஸின் வலக்கை ஏழாவது சுற்றில் அவரைச் சாய்த்தது. அந்த அடியிலிருந்து எழுந்ததே அரிது. அவர் எழுந்து பதினோராவது சுற்றில் சண்டையை முடித்தார்.

1980-இல் அலியை வென்றதை அவருக்குப் பெருமையாக நான் எண்ணவில்லை. தான் பயிற்சித் துணையாக இருந்து தொழில் கற்ற மனிதரை, அந்த மனிதரின் 38 வயதில், பத்துச் சுற்றுகள் அடிக்க நேர்ந்தது ஒரு துயரம். ஹோம்ஸின் தரத்தை அறிய, அவரிடம் தோற்றவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். மைக் வீவர், டிரெவர் பெர்பிக், டிம் விதர்ஸ்பூன், ஜேம்ஸ் ஸ்மித் ஆகிய நால்வரும் அவரிடம் தோற்ற பிறகு உலகப் பட்டம் வென்றவர்கள். பலவீனமான காலத்துச் சாம்பியன் என்ற பழிக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. நாற்பது வயதைக் கடந்தபின், 1992-இல், அதுவரை தோற்றிராத ஒலிம்பிக் தங்கம் ரே மெர்சரைக் கயிற்றில் சாய்ந்துகொண்டே அவர் வென்றதையும் சேர்த்துக்கொள்.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 20 முறை பட்டத்தைக் காத்தவர், தனியாக இன்னோர் உலகப் பட்டம் வழங்கிவந்த எதிர் அமைப்பின் பட்டம் வைத்திருந்த எவரோடும் மோதிப் பட்டங்களை ஒன்றாக்கவில்லை. 1983-இல் நடுவர்கள் பிரிந்து தீர்ப்பளித்த சண்டைக்குப் பின் விதர்ஸ்பூனுக்கு மறுசண்டை தரவில்லை. அப்போது முன்னணியில் இருந்த கிரெக் பேஜையும் ரிங்கில் சந்திக்கவில்லை. எனக்கு உறுத்துவது டைசனிடம் அவர் விழுந்ததன்று; நடக்காமல் போன இந்தச் சண்டைகள்தான். ஸ்பிங்க்ஸிடம் தோற்றபின் மார்சியானோவைப் பற்றி அவர் கடுமையாகப் பேசியது மக்களின் மனத்தை அவரிடமிருந்து விலக்கியது. பிறகு வருத்தம் தெரிவித்தும் அந்தக் கசப்பு முழுதாக நீங்கவில்லை. ஆனால் வாய்ச்சொல்லுக்காக ஒரு வீரனின் ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

25 முறை பட்டம் காத்த ஜோ லூயிஸும், லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் மூவரையும் வென்ற அலியும் அவருக்கு மேலே இருக்கட்டும்; அதில் எனக்குத் தடை இல்லை. அவர்களுக்கு அடுத்த மூன்று இடங்களுக்குள் ஹோம்ஸை வை. எந்த இடம் என்பதில் நீ என்னோடு வாதிடலாம். பதில் எழுதும்போது, அவருக்கு மேலே யாரை வைக்கிறாய், எந்தச் சண்டையைக் கொண்டு வைக்கிறாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா