ஊர்விட்டு வரும் புது நர்சுகளுக்காக, மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைத் தனியார் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு, இங்கே ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறவள் நான். வருஷாவருஷம் ரிசல்ட் வந்ததும் ஜூனியர்கள் போன் செய்வார்கள். "அக்கா, செலக்ட் ஆயிட்டேன். எங்க தங்குறது?" சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "சேர்ந்த பிறகு சொல்றாங்களாம்" என்பார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இந்த வரிசையை மாற்றுங்கள். அந்தப் பெண் கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குவதற்கு முன்பே, கையில் வரும் சம்பளம், அது வரும் தேதி, ட்யூட்டி நேரம், தங்குமிடம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தேதியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மாதக் கடைசியில் சேர்ந்தால், அந்த நாட்களின் சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தருகிற இடங்கள் இருக்கின்றன. ஹாஸ்டலிலோ பெட்டியை இறக்கும் முன்பே அட்வான்ஸ் கேட்பார்கள். அம்மாவின் வளையல் அடகுக்குப் போவது அப்போதுதான்.

"பக்கத்திலேயே ஹாஸ்டல் நிறைய இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு. ரோஸ்டரில் ஈவினிங் ட்யூட்டி எட்டு மணிக்கு முடியும். ஒவ்வொரு பேஷண்டாக ஹேண்ட் ஓவர் கொடுத்து, மருந்துக் கணக்கு பார்த்து வெளியே வர ஒன்பது தாண்டிவிடும். ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு தடவை லேட்டானால் வார்டன் ஊருக்கே போன் போட்டு, "உங்க பொண்ணு ராத்திரி எங்க போறா?" என்று கேட்பார். நைட் முடித்துக் காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தால் டிபன் காலி. சரி, தூங்கலாம் என்று படுத்தால், அதே அறையில் இன்னொரு பெண் லேப்டாப்பில் மீட்டிங் பேசிக்கொண்டிருப்பாள். அவள் மேல் தப்பில்லை, அவளுக்கும் அதுதான் வேலை நேரம். ஆனால் அரைத் தூக்கத்தோடு வருகிற இந்தப் பெண்தான் அன்று ராத்திரி உங்கள் ஐ.சி.யு.வில், நோயாளியின் ரத்த அழுத்தம் விழாமல் தாங்குகிற நோரட்ரினலின் மருந்துப் பம்பின் அளவை மாற்றப்போகிறாள்.

பெண்கள் விடுதிகள் பதிவு செய்திருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு பெற்ற விடுதிகள் நாலைந்தைப் பார்த்து, ஷிஃப்ட் நேரத்துக்குக் கேட் திறக்கவும் சாப்பாடு எடுத்து வைக்கவும் பேசிவைப்பது உங்கள் ஹெச்.ஆர். ஆட்களுக்கு ஒரு மத்தியான வேலை. தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு பக்கம் அரசின் தோழி விடுதிகளும் இருக்கின்றன. அந்தத் தகவலைக்கூட இன்டர்வியூவில் யாரும் சொல்வதில்லை.

சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த மத்திய அரசுக் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் உள்ள இடங்களில் அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளம் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக்கிவிட்டது. இங்கே நீங்கள் தருவது எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும் அந்த ஒரிஜினல் சான்றிதழ்கள். ஏன் என்று கேட்டால், "ஆறு மாதம் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறோம், உடனே வளைகுடாவுக்குப் பறந்துவிடுகிறாள்" என்கிறீர்கள். நியாயமான வருத்தம்தான். புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து முடிக்கும்போது அடுத்த ஆளைக் கொடுத்தால் எங்களுக்கும் எரிச்சல் வருகிறது. அதற்கு ஒழுங்கான நோட்டீஸ் காலம் வையுங்கள், ஒரு வருஷம் நின்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள். சான்றிதழை பீரோவில் பூட்டிவைத்தால், அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும் நாளில் அவள் உங்கள் அலுவலக வாசலில் கெஞ்சி நிற்க வேண்டியிருக்கிறது. அது அவள் நாலு வருஷம் படித்து வாங்கியது. ஒரிஜினலைச் சரிபார்த்து, நகலை வைத்துக்கொண்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த பேட்ச் ரிசல்ட் வந்ததும் உங்கள் ஆட்கள் தெற்கே கல்லூரி கல்லூரியாக வருவார்கள். நான் மேலே கேட்ட அந்த ஒரு தாளையும் அப்போதே கொடுத்தனுப்புங்கள். ஜூனியர்கள் எனக்குப் போன் செய்தால், அதைப் படித்துக் காட்டச் சொல்லித்தான் சேரலாமா வேண்டாமா என்று சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ், சென்னை