இரவு ஷிப்ட் அண்ணனுக்கு நன்றி

மருந்து ஆலையின் தர ஆய்வகத்தில் வேலை எனக்கு. அன்று மாலை மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியின் மென்பொருளில் மாதிரிகளின் வரிசையை ஓடவிட்டு நான் கிளம்பிய பிறகு, அவசரம் என்று இன்னொரு பேட்ச்சையும் அதன் வாலில் சேர்த்திருக்கிறார்கள். ஆலையில் எதுதான் அவசரமில்லை! மாதிரியைக் கருவிக்குள் சுமந்து செல்லும் திரவமான மொபைல் ஃபேஸின் பாட்டிலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துப் பிரிவிலிருந்து எதற்கோ வந்த உங்களுக்குத் தோன்றியது. நிமிடத்துக்கு 1 மில்லி ஓடும், மாதிரியைச் செலுத்தும் ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கு 20 நிமிடம், மீதி 40. ஆக 800 மில்லி வேண்டும்; பாட்டிலில் பாதிகூட இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜெக்‌ஷன் முடியும்வரை பொறுத்து, பிறகே வரிசையை நிறுத்தினீர்கள். அதே தயாரிப்பில் மிச்சமிருந்ததை இணைத்து, பேஸ்லைன் (மாதிரி இல்லாதபோது திரையில் வரும் அடிக்கோடு) நிலைப்பட்டதும், அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியான ஸ்டாண்டர்டை மறுபடி செலுத்திப் பார்த்துத்தான் தொடரவிட்டீர்கள். சொந்த ஐடியில் நுழைந்து காரணத்தையும் எழுதியிருந்ததால், யார் எதை மாற்றினார் என்று பதியும் ஆடிட் டிரெயிலைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

யாரும் கேட்காமலே கடைசியில் ஒரு கழுவும் வரியையும் சேர்த்திருந்தீர்கள்: முதலில் தண்ணீர் கூடிய கலவை, அப்புறம் மெத்தனால். மொபைல் ஃபேஸில் இருக்கும் பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக் கரைசல் கருவிக்குள் அப்படியே நின்றுபோனால் உப்பாகக் கட்டி அடைத்துக்கொள்ளும் என்று அறிந்தவரின் வேலை அது.

நன்றி சொல்ல வருவதற்குள் வேறு ஊர் ஆலைக்கு மாற்றலாகிவிட்டீர்களாம்.  இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள், அண்ணா.